நிரலுரையில் சொற்கூறுகளின் இடைவெளி

கணிப்பொறிக்கென எழுதப்படும் நிரலை முதற்கண் படிப்பது மொழிமாற்றியாகும். அஃது உரையை எழுத்தெழுத்தாகக் கண்டு, பெயர், எண், குறி என்னும் சொற்கூறுகளாகப் பிரித்துக்கொள்கிறது. பிரித்த பின்னர், அவற்றினிடையே கிடந்த வெற்றிடத்தால் யாதொரு பயனும் இல்லை என்றே எவரும் கருதுவர். சி மொழியின் இலக்கணத்தை நோக்கின் இக்கருத்துப் பெரும்பாலும் பொருந்துவதே. ஆயினும், அம்மொழிக்குரிய மொழிமாற்றிகளுள் பெருவழக்கினதாகிய ஜி.சி.சி., ஒவ்வொரு சொற்கூற்றின் முன்னும் இடைவெளி இருந்ததா இல்லையா என்பதைக் குறித்து வைத்துக்கொள்கிறது. பயனில்லாததொன்றைக் குறித்து வைப்பானேன்? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்கூறு பிரித்தற்குச் சி மொழி கொண்ட விதி எளியது: இயன்ற மட்டும் நீண்ட கூற்றையே கொள்க என்பது அது. 'அ---ஆ' என வரின், 'அ-- - ஆ' என்றே பிரியும். 'அ - --ஆ' எனப் பிரியாது. (எடுத்துக்காட்டுகளில் தமிழ்ப் பெயர்களைக் கையாள்வது வெறும் கற்பனையன்று. 1999ஆம் ஆண்டுச் சி தரம் பெயர்களில் வரத்தக்க எழுத்துகளின் பட்டியலில் தமிழெழுத்துகளையும் சேர்த்துள்ளது. 2020இல் வெளிவந்த ஜி.சி.சி. 10ஆம் பதிப்பு முதல் அவற்றை நேராகவே எழுதலாம்.) இவ்விதியால் விளைந்த தொல்லை பழையது. சி மொழியின் தொடக்க நாள்களில், கழித்து இருத்துதலைக் குறிக்க '=-' என்னும் குறி வழங்கியது. 'அ=-1' என நெருக்கி எழுதியவர் அ-வுக்கு -1 என்னும் மதிப்பைத் தர எண்ணியிருப்பார்; மொழிமாற்றியோ அ-விலிருந்து ஒன்றைக் கழித்துவிடும். அதனாலேயே 1970களில் அக்குறி '-=' எனத் திருப்பி அமைக்கப்பட்டது. ஏட்டில் இடைவிடாது எழுதப்பட்ட பாடலைப் பதம் பிரித்துப் பழகியோர்க்கு இத்தகைய மயக்கம் புதியதன்று.

எழுதியவர் கையிலுள்ள மயக்கம் இவ்வாறு தீர்ந்தது. மொழிமாற்றி தானே உண்டாக்கும் மயக்கமே நாம் சிறப்பாகக் கருதற்குரியது. சி நிரல் முதலில் முன்செயலி என்னும் உறுப்பின் வழியாகச் செல்கிறது. மேக்ரோ எனப்படும் பதிலீட்டுப் பெயர்களை நீக்கி, அவற்றிற்குரிய உரையை அவ்விடத்தில் வைப்பது அதன் தொழில். 'எதிர்' என்னும் பெயருக்குப் பதிலாக '-' என்னும் குறியை வைக்குமாறு ஒருவர் வரையறுத்துள்ளார் எனக் கொள்வோம். பின்னர் அவர் '-எதிர் அ' என எழுதுகிறார். ஈண்டுள்ள சொற்கூறுகள் மூன்று: கழித்தற்குறி, மற்றொரு கழித்தற்குறி, அ என்னும் மாறி. அ-வின் மதிப்பு 5 எனின் விடையும் 5 ஆகும். அ மாறாது நிற்கும். முன்செயலி தன் விளைவை மீண்டும் உரையாக எழுதுங்கால் '--அ' என ஒட்டி எழுதிவிட்டால், அதனைப் படிக்கும் அடுத்த உறுப்பு, ஒன்று குறைக்கும் குறியாகவே கொள்ளும். விடை 4 ஆகும். அ-வும் 4 ஆகிவிடும். இரண்டும் இலக்கணத்திற்கு உட்பட்டனவே ஆதலின், பிழை என்று எவ்விடத்தும் செய்தி வாராது. இதுவே இச்சிக்கலின் கொடுமை.

வகுத்தற்குறியைத் தரும் பதிலீட்டுப் பெயரை அடுத்து '*' வருமாயின் நேர்வது இதனினும் பெரிது. இரண்டும் ஒட்டினால் '/*' என்று ஆகிக் குறிப்புரையின் தொடக்கமாகிவிடும். அடுத்த '*/' வரும்வரை உள்ள நிரல் முழுதும் மறைந்தொழியும்.

பழைய முன்செயலிகளுட் சில இவ்வொட்டுதலைக் குற்றமாகக் கருதவில்லை. குறிப்புரையை நீக்கி அவ்விடத்தில் ஒன்றும் வையாது விட்டன. நிரலாசிரியர் பலர் இரு பெயர்களை ஒன்றாக்க அதனையே ஓர் உத்தியாகக் கொண்டனர். 1989ஆம் ஆண்டு அமெரிக்கத் தரம் இதற்கு முடிவு கட்டியது. குறிப்புரை ஒவ்வொன்றும் ஓர் இடைவெளியாகும் என்றும், ஒட்ட விரும்புவோர் '##' என்னும் குறியை வெளிப்படையாக இடவேண்டும் என்றும் அது விதித்தது. அன்று முதல் முன்செயலியின் பொருள் எழுத்துச்சரம் அன்று. சொற்கூற்று வரிசையே ஆகும்.

அத்தரம் இடைவெளியின் அளவைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. உண்மை இன்மைகளையே நோக்குகிறது. '#' என்னும் குறியால் ஒரு பொருளைச் சரமாக்குங்கால், இடையிலுள்ள வெற்றிடம் எத்துணை நீண்டதாயினும் ஓர் இடைவெளியாகச் சுருங்கும். முன்னும் பின்னும் உள்ளவை நீங்கும். ஒரே பெயரை இருமுறை வரையறுத்தால், இரண்டும் ஒத்துள்ளனவா என்பதைக் காணுதற்கும் இடைவெளி உண்டா என்பதே அளவுகோல். அடைப்பு ஏற்கும் மேக்ரோவை வரையறுக்கும்பொழுது மட்டும் பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே இடைவெளி இருத்தலே கூடாது. ஆகவே, ஒவ்வொரு சொற்கூற்றோடும் 'முன் இடைவெளி உண்டு' என்னும் ஒரேயொரு துணுக்குக் குறிப்பை ஜி.சி.சி. வைத்திருப்பது போதுமானதாயிற்று.

பதிலீடு நிகழும்பொழுது அக்குறிப்பை எதனிடமிருந்து பெறுவது? பதிலீட்டின் முதற்கூறு, தான் நீக்கிய மேக்ரோப் பெயரின் இடைவெளியைப் பெறும். அடைப்புக்குள் தரப்பட்ட பொருளின் முதற்கூறு, வரையறையில் அதற்கு இடம் வைத்து நின்ற பெயரின் இடைவெளியைப் பெறும். ஆனால், வரையறையிலுள்ள கூறுகள் அம்மேக்ரோவின் எல்லா ஆட்சிகளுக்கும் பொதுவானவை. ஓரிடத்திற்காக ஒரு கூற்றின் குறிப்பை மாற்றின் பிறவிடங்களிலும் மாறிவிடும். எனவே, ஜி.சி.சி. அக்கூறுகளைத் தொடாமல், அவற்றின் முன் நிரப்புக்கூறு ஒன்றைச் செருகுகிறது. அதற்கு வடிவம் இல்லை. 'இன்ன கூற்றின் இடைவெளியைப் பார்' என்று சுட்டுதலே அதன் வேலை.

அவ்வாறு பார்த்தும் இடைவெளி இல்லையாயின், உரையாக எழுதும் பகுதி மற்றொரு சோதனை செய்கிறது: முன்னர் எழுதிய கூறும் இப்போது எழுதும் கூறும் ஒட்டினால் வேறொன்றாகுமா என்பது அது. ஆகுமெனின் ஓர் இடைவெளி இடப்படும். '-எதிர் அ' என்பது '- - அ' என வெளிவருவது இதனால்தான். இச்சோதனை வேண்டுமென்றே மிகை நோக்கியது. எண்ணை அடுத்துக் கூட்டற்குறி வந்தால், ஒட்டும் அச்சம் இல்லாத விடத்தும் இடைவெளி இட்டுவிடும். அடுக்குக்குறி எழுத்தில் முடியும் சில எண்கள் கூட்டற்குறியையும் தம்மோடு இழுத்துக்கொள்ளும் இயல்பின என்பதே காரணம். மிகுந்த இடைவெளியால் இங்குக் கேடு இல்லை, குறைந்ததால் உண்டு ஆகலின், இம்மிகை தக்கதே. சொற்கூறுகளை நேரே அடுத்த உறுப்பிற்குக் கொடுக்குங்கால் இத்தொல்லை எதுவும் எழுவதில்லை. உரையாக எழுதி மீண்டும் படிக்கும்பொழுதே எழுகிறது.

ரஸ்ட் மொழி இக்குறிப்பை மறுதலையாக வைத்தது. 2018இல் வந்த அதன் 1.29ஆம் பதிப்பு முதல், நிரலாசிரியர் இயற்றும் செயல்முறை மேக்ரோக்களுக்குக் குறிகள் ஓரெழுத்தாகப் பிரித்தே தரப்படுகின்றன. ஒவ்வொன்றும் அடுத்த குறியோடு 'இணைந்தது' அல்லது 'தனித்தது' என்னும் குறிப்பைத் தாங்கிவரும். சியின் குறிப்புப் பின்னோக்குவது, இஃது முன்னோக்குவது. கூட்டற்குறியைத் 'தனித்தது' எனக் குறித்து அதன் பின் '=' வைத்தால், அவ்விரண்டும் '+=' என ஒரு குறியாகா. சியில் மொழிமாற்றி தாங்கிய பொறுப்பு, இங்கு மேக்ரோ எழுதுவோர் கைக்கு வந்துவிட்டது.