கூட்டுப்புழுவுக்கு வலிக்குமா?

தருமபுரி அங்காடியில் குவித்து வைத்திருக்கும் பட்டுக்கூடுகளில் ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று கேட்கும். உள்ளே இருக்கும் கூட்டுப்புழு சுவரில் மோதும் சத்தம் அது. கூடு முற்றிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

அப்படியே விட்டுவைத்தால் சில நாட்களில் புழு அந்துப்பூச்சியாகி, ஒரு முனையை எச்சிலால் இளக்கிக்கொண்டு வெளியே வரும். அது வந்துவிட்டால், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே இழையாக ஓடும் பட்டு அறுந்துபோகும். அதனால் அதற்கு முன்பே நீராவியிலோ வெப்பக் காற்றிலோ வெயிலிலோ புழுவைக் கொன்றுவிடுகிறார்கள். பிறகு கூட்டைச் சுடுநீரில் போட்டுப் பசையை இளக்கி நூலைப் பிரிக்கிறார்கள். ஒரு முகூர்த்தப் பட்டுக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் போகின்றன.

பூச்சிகளுக்கு வலி கிடையாது என்பதுதான் நெடுங்காலம் அறிவியலின் பதிலாக இருந்தது. 1984-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிலர் அதற்குச் சான்றுகளை அடுக்கினார்கள். கால் நசுங்கிய பூச்சி நொண்டுவதில்லை. அதே காலை ஊன்றி நடக்கிறது. கும்பிடுபூச்சி தன்னைத் தின்றுகொண்டிருக்கும்போதே வெட்டுக்கிளி இலையைத் தின்கிறது. மறுக்க முடியாத காட்சிகள்தான். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் லார்ஸ் சிட்காவின் ஆய்வுக்கூடம், பம்பிள்பீ என்னும் ரோமம் அடர்ந்த தடித்த தேனீக்களை வைத்துச் செய்த சோதனைகள் 2022-இல் வெளியாயின. தீனிக்குப் போகும் வழியின் இருபுறமும் சின்ன மர உருண்டைகளைப் போட்டிருந்தார்கள். அவற்றை உருட்டினால் சர்க்கரைத் துளி எதுவும் கிடைக்காது. ஆனாலும் தேனீக்கள் வழியை விட்டு விலகி வந்து, உருண்டையைக் கால்களால் பற்றி உருட்டின. ஒரு தேனீ 117 முறை உருட்டியது. வயதானவற்றைவிட இளசுகளே அதிகம் உருட்டின. இதை விளையாட்டு என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

அதே ஆண்டு இன்னொரு சோதனை. சர்க்கரைப்பாகு வைத்த தட்டுகளில் சிலவற்றை 55 டிகிரிக்குச் சூடாக்கினார்கள். எல்லாவற்றிலும் ஒரே இனிப்பு என்றால் தேனீக்கள் சூட்டைத் தவிர்த்தன. சூடான தட்டில் இனிப்பு கூடுதல் என்றால், பொறுத்துக்கொண்டு அங்கே போயின. சுட்டதும் காலை இழுத்துக்கொள்வது வெறும் அனிச்சை. இது எனக்கு எவ்வளவு வேண்டும், அதற்காக எவ்வளவு பொறுக்கலாம் என்று எடைபோடுவதை அனிச்சை என்று எப்படித் தள்ளுவது?

பிரிட்டன் 2022-இல் கொண்டுவந்த விலங்குநலச் சட்டம் நண்டையும் கணவாயையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றது. பூச்சிகளைச் சேர்க்கவில்லை. நம் தொல்காப்பியமோ நண்டையும் தும்பியையும் நான்கறிவு உயிர்கள் என்று ஒரே வரிசையில் வைத்தது. எனக்கு அந்த வரிசையே சரியாகப் படுகிறது.

கூட்டுப்புழுவின் நரம்பு மண்டலம் உருமாறிக்கொண்டிருப்பது. வளர்ந்த தேனீயிடம் கண்ட முடிவுகளை அப்படியே அதன்மேல் ஏற்ற முடியாதுதான். ஆனால் தொட்டால் அது நெளிகிறது. ‘வலிக்கவே வலிக்காது’ என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது.

ஆர். வெங்கட்ராமன் குடியரசுத் தலைவராக இருந்தபோது அவர் மனைவி ஜானகி, புழுவைக் கொல்லாத பட்டு கிடைக்குமா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் ஆந்திரக் கைத்தறித் துறையில் இருந்த குசும ராஜய்யா அஹிம்சைப் பட்டை உருவாக்கினார். பூச்சி வெளியேறிய கூட்டைப் பஞ்சுபோல நூற்பார்கள், பளபளப்பு குறையும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. வெளியே வரும் பூச்சியால் பறக்கவோ உண்ணவோ முடியாது. ஒவ்வொரு பெண்பூச்சியும் இடும் நூற்றுக்கணக்கான முட்டைகளிலிருந்து பிறக்கும் புழுக்களுக்கெல்லாம் மல்பெரி இலை போட எவராலும் ஆகாது.

பூச்சியைக் கொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. டெங்கு பரப்பும் கொசுவைக் கொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. தேங்கிய நீரைக் கொட்டி, அது முட்டையிடவே இடம் தராமல் இருப்பது இன்னும் நல்லது. பட்டு அப்படியொரு தேவை அல்ல. அதை நம்பி வாழும் விவசாயக் குடும்பங்கள் ஏராளம். ஒரே நாளில் நிறுத்து என்று சொல்ல நான் யார்? ஆனால் நாள்கணக்கில் வெயிலில் காயவைத்துக் கொல்வதை அரசு இப்போதே கைவிடச் செய்யலாம். சில நிமிடங்களில் வேலையை முடிக்கும் நீராவிக் கலன்களைச் சிறு நூற்பாளர்களுக்கும் மானியத்தில் தரலாம். நம் பங்குக்கு, ஒருமுறை கட்டிப் பீரோவில் மடித்து வைப்பதற்காக வாங்கும் அடுத்த பட்டை வாங்காமல் விடுவோம். கல்யாணத்துக்கு நல்ல பருத்திச் சேலையும் அழகுதான்.