தேனினும் இனிது

ஆங்கிலம்போல் தமிழில் ஒப்பீட்டு வடிவம் இல்லையே என்று குறைபடுவோர் உளர். இத்தாலிய மொழியைப் பாருங்கள்.

அதன் தாயான இலத்தீனில் 'இனிய' எனும் 'டுல்சிஸ்', ஒப்பிடும்போது 'டுல்சியோர்' எனத் திரியும். மகளோ, 'மில்யோரே' (மேலும் நல்ல) போன்ற சிலவற்றில் மட்டுமே அத்திரிபைக் காத்தாள். மற்றவற்றில் பண்புச்சொல் மாறாது. 'பியூ' (மேலும்) முன்னே வரும்: 'பியூ டோல்ச்சே டெல் மியேலே'. தேனினும் இனிது!

'டெல்' என்பதில் அடங்கிய 'டி', வீட்டிலிருந்து வெளியேறுவதையும் உணர்த்தும். நமது ஐந்தாம் வேற்றுமை 'இன்' உருபுக்கும் நீங்கல், ஒப்பு இரண்டும் உரியவை. ஒன்றை அளவாக நிறுத்தி, அதிலிருந்து விலகும் தூரத்தைச் சொல்வதே ஒப்பீடு.

1680இல் இத்தாலியில் பிறந்து, தமிழில் 'தொன்னூல் விளக்கம்' இயற்றிய வீரமாமுனிவருக்கு இந்நெறி புதிதாய்த் தோன்றியிராது. பலெர்மோவில் இவ்விரு மொழியும் பயிலும் நம்மவர் பிள்ளைகளுக்கும் அப்படியே. வடிவம் இல்லாமை வறுமையன்று. வழி வேறு, அவ்வளவே.