ஒரே வருட மாடல், இரண்டு என்ஜின்கள்!

ரூட்டருக்கு ஃபர்ம்வேர் டவுன்லோடு செய்யும்போது மாடல் பெயரோடு, அடிப்பகுதியில் உள்ள வெர்ஷன் எண்ணையும் பார்க்க வேண்டும் அல்லவா? அமெரிக்காவின் கனரக டீசல் பிக்கப் டிரக்குகளிலும் இதே கதைதான்.

2003 மாடல் ஃபோர்டு சூப்பர் டூட்டி முதலில் 7.3 லிட்டர் டீசல் என்ஜினுடனும், பிறகு 6.0 லிட்டர் என்ஜினுடனும் வந்தது. 2004 மாடல் செவர்லே சில்வராடோவில் 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் என்ஜின், எல்பி7 வகையிலிருந்து எல்எல்ஒய் வகைக்கு மாறியது. லிட்டர் அளவு அதேதான். ஆனால் வால்வு கவருக்குள் இருந்த இன்ஜெக்டர்கள் வெளியே வந்துவிட்டன, டர்போவும் வேறு. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதே இந்த மாற்றங்களுக்கு முக்கியக் காரணம்.

எனவே வருடத்தை மட்டும் சொல்லி இன்ஜெக்டர் ஆர்டர் செய்தால் பணம் வீணாகலாம். டிரைவர் பக்க முன்கண்ணாடி வழியே தெரியும் 17 இலக்க விஐஎன் எண்ணைப் பாருங்கள். 10-வது இடம் மாடல் வருடத்தை மட்டுமே சொல்லும். என்ஜினைச் சொல்வது 8-வது இடம்:

* மேற்கண்ட ஃபோர்டில் எஃப் என்றால் 7.3 லிட்டர், பி என்றால் 6.0 லிட்டர்.
* சில்வராடோவில் 1 என்றால் எல்பி7, 2 என்றால் எல்எல்ஒய்.

பழைய டிரக் வாங்குபவர்களும் விலை பேசும் முன் இந்த ஓர் எழுத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.