ரவிக்கையைப் பிரித்துவிடும் வயது

"உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைங்க." தையற்காரரிடம் ரவிக்கைத் துணியைக் கொடுக்கும்போது நம் பெண்கள் மறக்காமல் சொல்லும் வாக்கியம் இது. ஓரிரு வருடத்தில் கை இறுக்கும், கொக்கி மாட்டாது. அப்போது தையலைப் பிரித்துவிட்டால் போதும். உடம்பு மாறும் என்பதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாமல், அதற்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கிவைத்த ஏற்பாடு அது. புடவையும் அப்படித்தான். இருபது வயதில் கட்டியதை ஐம்பதிலும் கட்டலாம். கொசுவத்தில் ஒரு மடிப்பு குறையும், அவ்வளவே. ஆயத்த ஆடைக் கடையின் உடை மாற்றும் அறைக்குள் இந்தச் சலுகை கிடையாது. கழுத்துப் பக்கம் தைத்திருக்கும் எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்ற எழுத்து, போன தீபாவளிக்கும் இந்தத் தீபாவளிக்கும் நடுவில் நடந்ததை அறிவித்துவிடுகிறது. அது அறிவிக்காவிட்டால் உறவினர்கள் இருக்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் கால் வைத்ததும் "என்ன இப்படிப் பெருத்துட்டே?" என்பது நலம் விசாரிப்பின் இடத்தைப் பிடித்து எவ்வளவோ காலமாகிறது. இத்தனைக்கும் உப்பலான இட்லிக்கு ஒரு கதாநாயகியின் பெயரை வைத்துக் கொண்டாடிய ஊர் இது. பூசினாற்போன்ற உடம்பு நமக்குப் பிடிக்காமல் இல்லை. அது இருபத்திரண்டு வயதில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நாற்பத்தைந்தில் அதே சதைக்கு, "உடம்பைக் கவனிக்காம விட்டுட்டா" என்ற தீர்ப்பு வந்து சேர்கிறது.

இந்தத் தீர்ப்பு உடலியலின்படி பாதி தவறு. பொதுச் சுகாதாரக் கணக்கில் முழுத் தீங்கு. எடை என்ற ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணை வெட்கப்படவைக்கும்போது, அவள் உடம்பில் உண்மையில் கவனிக்க வேண்டியவை எல்லோருடைய பார்வையிலிருந்தும் நழுவிவிடுகின்றன. அவளுடைய பார்வையிலிருந்தும்தான்.

முதலில் பெண்களே தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் ஒரு சமாதானத்தை எடுத்துக்கொள்வோம். "நாப்பது தாண்டினா மெட்டபாலிசம் குறைஞ்சிடும்." 2021-ஆம் ஆண்டு 'சயன்ஸ்' ஆய்விதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு இதை ஏற்கவில்லை. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டவர்கள், பிறந்து 8 நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை, அதில் அளக்கப்பட்டார்கள். அணுக்களில் அடையாளமிட்ட நீரைக் குடிக்கச்செய்து, அது உடலை விட்டு வெளியேறும் வேகத்தைக் கொண்டு, ஒரு நாளில் எரியும் ஆற்றலைக் கணக்கிடும் முறை அது. உடலின் அளவுக்கு ஏற்பச் சரிசெய்து பார்த்தபோது, 20 வயதிலிருந்து 60 வயது வரை இந்த எரிப்பு ஏறத்தாழ ஒரே சீராக இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதில் வித்தியாசமில்லை. 60-க்குப் பிறகுதான் ஆண்டுக்குச் சுமார் 0.7 சதவீதம் என்று இறங்கத் தொடங்கியது. அப்படியானால் நாற்பதுகளில் கூடும் எடைக்கு வயதைக் காரணம் சொல்ல முடியாது, அக்கம்பக்கத்தார் சொல்வதே சரி என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். கதையின் மறுபாதி வேறோர் ஆய்வில் இருக்கிறது.

அமெரிக்காவில் 1990-களின் நடுவில் தொடங்கிய 'ஸ்வான்' என்னும் ஆய்வு, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை நடு வயதிலிருந்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்துவருகிறது. அவர்களில் ஒரு பகுதியினரின் உடலில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று ஊடுகதிர்க் கருவியால் பிரித்து அளந்தார்கள். 2019-இல் வெளியான முடிவு விசித்திரமானது. மாதவிடாய் நிற்கப்போகும் கட்டத்தில் எடை திடீரென்று ஏறவில்லை. முன்பு ஏறிக்கொண்டிருந்த அதே நிதானத்தில்தான் ஏறியது. ஆனால் அந்த எடைக்கு உள்ளே எல்லாம் மாறியது. கொழுப்பு சேரும் வேகம் இரண்டு மடங்கானது. தசை கரையத் தொடங்கியது. கடைசி மாதவிடாய்க்குப் பின்னும் சுமார் இரண்டு ஆண்டுகள் இது தொடர்ந்து, பிறகுதான் அடங்கியது. கூடவே, இடுப்பிலும் தொடையிலும் தங்கிவந்த கொழுப்பு, ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய வயிற்றுக்கு இடம் மாறுகிறது. அதாவது ஒரு பெண்ணுக்கு ஒரு கிலோ தசை போய் ஒன்றரைக் கிலோ கொழுப்பு வந்திருந்தால், எடை பார்க்கும் இயந்திரம் அரைக் கிலோ கூடியதாகத்தான் சொல்லும். "எடை அப்படியேதான் இருக்கு, ஆனா எந்தத் துணியும் சேரலை" என்று பெண்கள் சொல்வதை வெறும் புலம்பலாகக் கேட்டிருக்கிறோம். அது துல்லியமான உடலியல் அறிக்கை. அந்த ஆய்வில் இந்தியப் பெண்கள் ஒரு பிரிவாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கே மாதவிடாய் நிற்கும் வயது, அமெரிக்கப் பெண்களுடையதைவிடச் சில ஆண்டுகள் முந்தியது. ஆகவே இந்த மாற்றங்கள் நம் பெண்களுக்கு முன்னதாகவே வந்துவிடக்கூடும்.

எடையை உயரத்தோடு ஒப்பிடும் பிஎம்ஐ எண்ணாவது இதைக் காட்டுமா? அந்தச் சூத்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே என்ற புள்ளியியலாளர் 'சராசரி மனிதன்' யாரென்று தேடியபோது கண்டது. 1972-இல் அமெரிக்க அறிவியலாளர் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார்; அவர் சோதித்துப் பார்த்ததும் ஆண்களின் உடல்களைத்தான். ஐம்பது வயதில் வியர்த்து விழித்துக்கொள்ளும் ஒரு பெண்ணின் உடலைப் பற்றி அதனிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. இந்திய உடல்வாகோ இன்னொரு சிக்கல். ஒரே பிஎம்ஐ உள்ள ஐரோப்பியரைவிட நமக்குக் கொழுப்பு அதிகம், தசை குறைவு. அதனால்தான் இங்கே 25-க்குப் பதிலாக 23-லேயே எச்சரிக்கை மணி அடிக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். எடை இயந்திரத்தைவிட நமக்கு உண்மை பேசுவது தையற்காரரின் கழுத்தில் தொங்கும் இஞ்சு டேப். இந்தியப் பெண்ணுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள், அதாவது சுமார் 31 அங்குலத்துக்குள், இருப்பது நல்லது என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. ஒல்லியான கை கால்களும் சற்றே முன்தள்ளிய வயிறுமாக இருக்கும் பெண்ணை யாரும் "பெருத்துட்டே" என்று சொல்வதில்லை. சர்க்கரை நோய்க்கு அவள்தான் பக்கத்தில் நிற்கிறாள். வாய் ஓயாத உறவினர்களின் கண் அளவு இந்த இடத்தில் தோற்றுப்போகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பிஎம்ஐ 25-ஐத் தொட்ட அல்லது தாண்டிய பெண்கள் 2015-16-இல் 30.9 சதவீதம், 2019-21-இல் 40.4 சதவீதம். நாட்டின் சராசரி 24. ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2023-இல் சொன்னபடி, இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இப்படியிருக்க, எடையைப் பற்றிப் பேசாதே என்பது நோய்க்குக் கதவைத் திறந்துவிடுவது ஆகாதா? நாலு வார்த்தை சுருக்கென்று சொன்னால்தானே ஒருத்தி நடக்கப் போவாள்? கேள்வியின் முதல் பாதியை நான் முழுமையாக ஏற்கிறேன். அந்தப் புள்ளிவிவரங்களை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. (அந்தக் குடும்ப நலக் கணக்கெடுப்பு பெண்களின் பிஎம்ஐயை 15 முதல் 49 வயது வரை மட்டுமே அளக்கிறது என்பது ஒரு பக்கக் குறிப்பு. ஆண்களை 54 வரை அளக்கிறார்கள். பிள்ளைப்பேற்று வயது முடிந்ததும் அந்தக் கணக்கிலிருந்து பெண் விடுபட்டுப்போகிறாள்.)

இரண்டாம் பாதிதான் தவறு. சுருக்கென்ற வார்த்தை யாரையும் மெலியவைத்ததற்குச் சான்று இல்லை. எதிர்த்திசையில் சான்று உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலும் 50 வயதைக் கடந்த 6,157 பேரை நான்கு ஆண்டு இடைவெளியில் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் பருமன் இல்லாதவர்களில், எடையைக் காரணம் காட்டித் தாழ்வாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்கள், மற்றவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு அதிகமாகப் பருமனானார்கள். அவமானம்தான் ஒரே காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இது நடக்கும் விதத்தை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. பூங்காவில் நாலு பேர் பார்ப்பார்கள் என்று நடைப்பயிற்சிக்குப் போகாமல் இருப்பது, முட்டி வலி என்று போனாலும் காது அடைப்பு என்று போனாலும் "வெயிட்டைக் குறைங்க" என்பதே பதிலாக வருவதால் மருத்துவரையே தவிர்ப்பது, இரவில் சாப்பிடாமல் கிடந்து மறுநாள் காலை பதினொரு மணிக்கு மிச்சமிருந்த உப்புமாவையும் பிள்ளைகள் வைத்துவிட்டுப் போன பூரியையும் சேர்த்துச் சாப்பிடுவது எல்லாம் அந்த விதத்தைச் சேர்ந்தவை.

வெட்கப்படுத்தாமல் உதவினாலே நோயைத் தள்ளிப்போட முடியும் என்பதற்குச் சென்னையிலிருந்தே நல்ல சான்று இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்றிருந்த 531 பேர் சேர்க்கப்பட்டார்கள். சராசரி வயது 46. ஒரு பிரிவினருக்கு உணவிலும் நடையிலும் சிறு மாற்றங்களைச் சொல்லி, அதைத் தொடர உதவினார்கள். மூன்று ஆண்டுகளில், எந்த உதவியும் பெறாத பிரிவில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்திருந்தது. மாற்றங்களைக் கடைப்பிடித்தவர்களில் 39.3 சதவீதம். இப்போது முக்கியமான செய்தி: அவர்களுடைய எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. தராசு அசையாமலேயே நோய் தள்ளிப்போனது. அவர்களில் யாராவது மாதாமாதம் எடை இயந்திரத்தின் முன் மட்டும் நின்று முடிவெடுத்திருந்தால், "ஒண்ணும் பிரயோஜனமில்லை" என்று மூன்றாவது மாதமே விட்டிருப்பார். 531 பேரில் பெண்கள் 110 பேர்தான் என்பதால் இதை அவர்களுக்கு அப்படியே பொருத்துவதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஆனால் பெண்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்கவும் காரணம் எதுவுமில்லை.

உடல் தோற்றத்தைப் பற்றிய கவலை சினிமா பார்க்கும் பருவத்துப் பெண்களுக்குத்தான், பேரன் பேத்தி எடுத்தவளுக்கு ஏது என்று கேட்பவர்களும் உண்டு. 50 வயதைத் தாண்டிய 1,849 அமெரிக்கப் பெண்களிடம் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 13 சதவீதம் பேரிடம் உணவுக்கோளாறின் அறிகுறி ஏதேனும் ஒன்று இருந்தது. நம் ஊரில் அது வேறு வேடத்தில் வரும். வெள்ளி, சஷ்டி, கிருத்திகை என்று விரதங்களின் எண்ணிக்கை கூடும்போது அதில் பக்தி எவ்வளவு, ரவிக்கை எவ்வளவு என்று கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை.

அப்படியானால் எதைக் கவனிப்பது? தசையை. நடு வயதில் கரையும் தசைதான் அறுபதில் படியேற முடியாத முழங்காலாகவும், எழுபதில் குளியலறையில் விழுந்து முறிந்த இடுப்பெலும்பாகவும் திரும்பி வருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சியோடு, தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரம் இரண்டு நாள் வேண்டும் என்கிறது. நாம் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம். நம் ஊரில் பயிற்சி என்றாலே வாக்கிங். "நாள் முழுக்க வீட்டு வேலை செய்யறேன், அது போதாதா?" என்ற கேள்விக்கு வருத்தத்தோடுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. போதாது. அடுப்படியில் நிற்பது உடம்பைக் களைக்கவைக்கும், தசையை வளர்க்காது. ஆட்டுக்கல்லும் உலக்கையும் வளர்த்திருக்கலாம். அவை போனதில் எனக்கு எந்த ஏக்கமும் இல்லை; மிக்ஸியும் கிரைண்டரும் பெண்களுக்குக் கிடைத்த விடுதலை. அந்த விடுதலையில் மிச்சமான நேரம் அவர்கள் கைக்கு வந்துசேரவில்லை என்பதுதான் குறை. தட்டிலும் இதே கதை. சோறும் குழம்பும் முதலில், பருப்பும் முட்டையும் மீனும் மற்றவர்களுக்குப் போக மிஞ்சினால். தசைக்கு வேண்டிய புரதம் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவரிடம் போய்ச் சேர்வதில்லை.

2025-இல் எடை குறைக்கும் ஊசிகள் இந்தியாவுக்கு வந்தன. மருத்துவத் தேவையுள்ளவர்களுக்கு அவை பெரிய வரம்தான். அதை மறுப்பது மூடத்தனம். ஆனால் அவற்றால் குறையும் எடையில் ஒரு பங்கு தசையும் சேர்ந்தது. நிறுத்தினால் எடையில் பெரும்பகுதி திரும்புகிறது. திரும்புவது பெரும்பாலும் கொழுப்பு. எடையை மட்டும் பார்ப்பவர்களுக்கு, அது குறைந்துகொண்டிருக்கும் வரை, இந்த ஊசி வெற்றியாகவே தெரியும்.

கடைசியாக நேரம். 2019-ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு வாரத்துக்குக் கேட்கும் 150 நிமிடம், அந்தப் பெண்ணின் ஒரே நாள் வேலையில் பாதி. மாலை ஆறரை மணிக்கு அவள் வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் வெளியே போக வேண்டுமென்றால், அந்த அரை மணியில் சப்பாத்திக்கு மாவு பிசைய வீட்டில் இன்னொரு ஜோடிக் கை வேண்டும்.