வீழ்ந்த அணியும் புதிய பயிற்சியாளரும்: எடைபோடுவது எங்ஙனம்?

ஒருவரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைப்பது எளிது. அப்பொறுப்பை அவர் செவ்வனே நிறைவேற்றினாரா என நடுநிலையோடு மதிப்பிடுவதே அரிது. உழைப்பு மறைவில் நிகழ்கிறது. விளைவு மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. அவ்விளைவிலும் எது அவரால் விளைந்தது, எது அவருக்கு முன்னரே விதைக்கப்பட்டது, எது தற்செயலாய் வாய்த்தது எனப் பிரித்தறியாமல் புகழ்வதும் இகழ்வதும் உலக இயல்பாகிவிட்டன. இதனை விளங்கிக்கொள்ள, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கால்பந்தாட்டம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

அமெரிக்கர் கால்பந்து என வழங்குவது நாம் அறிந்த கால்பந்தன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், தோழனுக்கு எறிந்தும் எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடக்க முயலும் ஆட்டம் அது. களத்தில் அணிக்குப் பதினொருவர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜ தூரம் முன்னேறாவிடில் பந்து எதிரணியின் வசமாகும். பல்கலைக்கழக அணி ஒரு பருவத்தில் வழக்கமாக 12 ஆட்டங்கள் ஆடுகிறது; முன்னாளில் அது 11. பொதுவாக ஆறு வெற்றி பெற்ற அணி, பருவ இறுதியில் 'பவுல்' எனப்படும் சிறப்பாட்டத்திற்குத் தகுதி பெறும். பல்லாயிரவர் திரளும் அரங்குகளில் நிகழும் இவ்வாட்டத்தில், பெரிய அணிகளின் தலைமைப் பயிற்சியாளர் பெறும் ஊதியம் பல்கலைக்கழகத் தலைவரின் ஊதியத்தையும் விஞ்சுவதுண்டு. ஆகவே தோற்ற அணியின் பயிற்சியாளரை நீக்குவதும், புதியவரை அமர்த்துவதும், ஓராண்டிலேயே அவரை எடைபோடுவதும் அங்கு ஆண்டுதோறும் நிகழ்வனவாயின.

பாழ்நிலத்தில் ஓர் உழவர்

கன்சாஸ் மாநிலத்தில் மன்ஹாட்டன் என்றொரு சிற்றூர் உண்டு. நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் வேறு, இது வேறு. இங்குள்ள கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அணி, உயர்பிரிவு அணிகளுள் 500 தோல்விகளை முதன்முதலில் எட்டிய அணி என்னும் பெயரைச் சுமந்து நின்றது. 1987-இல் ஒரு வெற்றியும் இல்லை. 1988-இல் பதினோர் ஆட்டங்களிலும் தோல்வி. அதற்கு முன் அவ்வணி ஆடிய பவுல் ஆட்டம் 1982-இல் ஒன்றே ஒன்றுதான், அதிலும் தோல்வியே. இந்நிலையில்தான் ஐயோவா பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்சியாளராயிருந்த பில் ஸ்னைடர் 1989-ஆம் ஆண்டுப் பருவத்திற்குத் தலைமைப் பொறுப்பேற்றார்.

அவ்வாண்டு அவர் பெற்ற வெற்றி எத்தனை? ஒன்றே. 1989 செப்டம்பர் 30 அன்று வடக்கு டெக்சாஸ் அணியை 20-17 என்னும் கணக்கில், ஆட்டத்தின் இறுதி முயற்சியில் வென்றார். அதற்கு முன் அவ்வணி தொடர்ந்து 30 ஆட்டங்களில் வெற்றியின் முகத்தையே கண்டதில்லை. ஏனைய பத்து ஆட்டங்களிலும் தோல்வியே நேர்ந்தது. வெற்றிப் பட்டியலை மட்டும் நோக்குவோர், பதினொன்றில் ஒன்று வென்றவர் தோற்றவரே எனத் தீர்ப்பளித்திருப்பர்.

அடுத்த ஆண்டு ஐந்து வெற்றி, 1991-இல் ஏழு, 1992-இல் மீண்டும் ஐந்து. இவ்விறக்கத்தைக் கண்டு, ஏறியது ஏறியபடி நில்லாது என்று உரைப்பதற்கும் இடமிருந்தது. ஆனால் 1993-இல் எட்டு வெற்றிகளுடன் காப்பர் பவுல் ஆட்டத்திற்குச் சென்று, வயோமிங் அணியை 52-17 என வென்றது அவ்வணி. அதன் வரலாற்றிலேயே முதல் பவுல் வெற்றி அது! அன்று தொடங்கி 2003 வரை பதினோராண்டுகள் இடையறாது பவுல் ஆட்டங்களில் இடம்பெற்றது. 1998-இல் வழக்கமான பருவத்தின் 11 ஆட்டங்களிலும் வாகை சூடியது; 1968-க்குப் பின் முதன்முறையாக நெப்ராஸ்காவை வீழ்த்தியதும் அவ்வாண்டே. 2003-இல் ஓக்லஹோமாவை 35-7 என வென்று பிக் 12 கூட்டமைப்பின் வாகையர் பட்டத்தையும் பெற்றது.

ஐந்து உரைகற்கள்

இவ்வரலாற்றினின்று நாம் வகுத்துக்கொள்ளத்தக்க உரைகற்கள் ஐந்து.

முதலாவது, தொடங்கிய இடம். பத்து அடி ஆழக் கிணற்றினின்று மேலேறி வந்தவனையும், தரையில் நின்று இரண்டு படி ஏறியவனையும் உயரம் ஒன்றே கொண்டு ஒப்பிடுவது நீதியாகாது. ஸ்னைடரின் அந்த ஒற்றை வெற்றி, பிறர் பெற்ற ஆறு வெற்றிகளுக்கு ஈடானது எனினும் மிகையன்று.

இரண்டாவது, தோல்வியின் தன்மை. பன்னிரண்டே ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் தற்செயலின் பங்கு பெரிது. இரண்டு ஆட்டங்களின் கடைசி நிமிடத்தில் பந்து எப்பக்கம் உருண்டது என்பதைப் பொறுத்து ஐந்து வெற்றி ஏழாகலாம், ஏழு ஐந்தாகலாம். எனவே எத்தனை முறை தோற்றார் என்பதோடு, எவ்வளவு வேறுபாட்டில் தோற்றார், பருவத் தொடக்கத்தைவிட இறுதியில் அணி செம்மையுற்றதா என்பனவும் நோக்கற்பாலன.

மூன்றாவது, எதிர்த்தவரின் வலிமை. கூட்டமைப்பிற்கு வெளியே வலிமை குன்றிய அணிகளையே தேர்ந்து ஆடி வெற்றிகளைக் குவித்தார் என்ற குறை ஸ்னைடர் மீதும் நெடுங்காலம் சொல்லப்பட்டது. அக்குறையை நாம் மூடி மறைத்தல் தகாது. ஆயினும் தோற்றே பழகிய இளைஞர்க்கு வெல்லும் பழக்கத்தை ஊட்ட அதுவும் ஒரு வழி. பின்னர் நெப்ராஸ்காவையும் ஓக்லஹோமாவையும் அவ்வணி வென்றதைக் கொண்டே அவ்வழியின் பயனை அளத்தல் வேண்டும்.

நான்காவது, தாமே தேர்ந்து வளர்த்த மாணவர்கள். ஒரு மாணவர் நான்கு பருவங்கள் ஆடலாம். ஆதலின் முதலாண்டில் களமிறங்குவோர் பெரும்பாலும் முன்னவர் சேர்த்தவர்கள். புதியவர் சேர்த்தவர்கள் முழுமையாக அணியை நிரப்ப மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் ஆகும். ஸ்னைடரின் ஐந்தாம் ஆண்டாகிய 1993-இல் பவுல் வெற்றி கிட்டியது தற்செயலன்று.

ஐந்தாவது, கல்வி. ஆடுவோர் மாணவர் என்பதை மறந்தால் அது கல்லூரி ஆட்டமாகாது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் தேசியக் கழகம், உதவித்தொகை பெறும் ஒவ்வொரு மாணவரும் கல்லூரியில் தொடர்ந்தால் ஒரு புள்ளி, படிப்பில் தகுதி காத்தால் ஒரு புள்ளி எனக் கணக்கிட்டு, அணிக்கு ஆயிரத்திற்கு இத்தனை என மதிப்பெண் அளிக்கும் முறையை வகுத்துள்ளது. 930-க்குக் கீழே வீழ்ந்த அணி பருவ இறுதி ஆட்டங்களில் இடமிழக்க நேரிடும். வென்ற கோப்பையைக் கண்ணாடிப் பேழையில் வைக்கலாம்; பட்டம் பெறாது வெளியேறிய இளைஞனை எப்பேழையில் வைப்பது?

காலம் மாறியது, கணக்கும் மாறியதோ?

இக்காலத்தில் ஐந்தாண்டு காத்திருப்போர் யார் என வினவலாம். வினா நியாயமானதே. மாற்றம் விரும்பும் வீரர் பதிந்துகொள்ளும் முறை 2018-இல் தொடங்கியது; 2021 முதல், ஒருமுறை கல்லூரி மாறுவோர் ஓராண்டு ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை என்றாயிற்று. அவ்வாண்டே வீரர் தம் பெயரையும் உருவையும் விளம்பரத்திற்களித்துப் பொருளீட்டவும் வழி பிறந்தது. விளைவு, ஓர் அணியை ஒரே கோடையில் புதிதாய்த் திரட்டலாம் என்னும் நிலை.

2023-இல் மூன்றே வெற்றி பெற்ற இண்டியானா பல்கலைக்கழகம், கர்ட் சிக்னெட்டியின் வருகைக்குப் பின் 2024-இல் 11 ஆட்டங்களில் வென்றது. 2025-இல் வழக்கமான பருவத்தின் 12 ஆட்டங்களையும் வென்றது. விரைவு என்பதாலேயே அது போலியாகிவிடாது.

மறுபுறம் கொலராடோவை நோக்குவோம். 2022-இல் ஒரே வெற்றி பெற்ற அவ்வணிக்குப் புகழ்பெற்ற முன்னாள் வீரர் டியோன் சாண்டர்ஸ் பொறுப்பேற்று, வெளியிலிருந்து வீரர்களைப் பெருமளவில் கொணர்ந்தார். 2023-இல் முதல் மூன்று ஆட்டங்களிலும் வென்றபோது நாடே வியந்தது. பருவ முடிவிலோ நான்கு வெற்றி, எட்டுத் தோல்வி. அவர் வீணானவர் எனச் சிலர் கூறினர். 2024-இல் ஒன்பது வெற்றி. அவ்வணியின் டிராவிஸ் ஹண்டர், நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரருக்குரிய ஹைஸ்மன் விருதையும் பெற்றார். அவரே மாமேதை என்றனர். முன்னணி வீரர்கள் தொழில்முறை அணிகளுக்குச் சென்றபின் 2025-இல் மூன்றே வெற்றி. மூன்றாண்டில் மூன்று தீர்ப்புகள்! மாறியது பயிற்சியாளரின் அறிவா, அன்றித் தீர்ப்புரைத்தோரின் அவசரமா? விரைந்து திரட்டிய அணி விரைந்தே கலையவும் கூடும் என்பதால், இக்காலத்தில் ஓராண்டுக் கணக்கு முன்னினும் குறைவாகவே உண்மை பேசுகிறது என்பதே நாம் கொள்ளத்தக்க முடிவு.

சென்றபின் நிற்பது எது?

இவ்வைந்தையும் கடந்த உரைகல் ஒன்று உண்டு. அவர் விலகிய பின் அணி நிற்கிறதா என்பதே அது. இவ்வுரைகல்லில் ஸ்னைடரே ஒருமுறை தேறவில்லை. 2005-இல் அவர் ஓய்வு பெற்றார். அவர் குடும்பத்தின் பெயர் அரங்கிற்கே சூட்டப்பட்டது. ஆனால் அடுத்த மூன்று ஆண்டுகளில் அணி 17 வெற்றியும் 20 தோல்வியுமாகத் தளர்ந்தது. அவரது இறுதி ஈராண்டுகளிலும் தோல்வியே மிகுந்திருந்தமையால், பழி முழுவதையும் பின்வந்தவர்மேல் சுமத்துவதும் முறையன்று. கட்டடம் எழுந்தது மெய். தாங்கியவர் தோளை விலக்கியதும் அது சாய்ந்ததும் மெய்.

2009-இல், எழுபதை நெருங்கிய அகவையில், அவர் மீண்டும் அழைக்கப்பட்டார். 2012-இல் மறுபடியும் பிக் 12 பட்டத்தில் பங்கு பெற்றார். 2018 பருவத்தோடு, மொத்தம் 215 வெற்றிகளுடன் விடைபெற்றார். இம்முறை அணி சாயவில்லை. பின்வந்த கிறிஸ் கிளைமன் 2022-இல் அதே பட்டத்தை வென்றார். 2025 டிசம்பரில் அவர் ஓய்வை அறிவித்தபோது அப்பொறுப்பு காலின் கிளைனுக்கு அளிக்கப்பட்டது. யார் அவர்? 2012-இல் ஸ்னைடரின் அணியை முன்னின்று நடத்திய மாணவர்!

ஆசான் ஒருவரின் வெற்றிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? வெற்றி எண்ணிக்கையை ஏடுகள் காக்கும். ஆனால் அவர் வளர்த்த மாணவர் அவர் நின்ற இடத்தில் வந்து நிற்கும் நாளே மதிப்பீடு நிறைவுறும் நாள்.

புதிதாய்ப் பொறுப்பேற்ற எவரையும், அவர் பயிற்சியாளராயினும் ஆசிரியராயினும் நிருவாகியாயினும், முதல் அறுவடையைக் கொண்டே முடிவுகட்ட நாம் முற்படும்போது 1989-இன் அந்த ஒற்றை வெற்றியை நினைவுகூர்வோமாக. பொறுமை என்பது கணக்குக் கேளாதிருத்தல் அன்று. சரியான கணக்கைச் சரியான காலத்தில் கேட்டலே ஆகும்.