ஈறில் வரும் இரத்தமும் வீட்டுப் பெண்களின் உடல்நலமும்

ஆடிப் பௌர்ணமித் தேரோட்ட நாட்களில் அழகர்கோவில் கடைகளில் தேங்காய் எடுத்துத் தருபவர்களும் பொட்டலம் மடிப்பவர்களும் பலர் நம் வீட்டுப் பெண்களே. விடியல் முதல் இரவு வரை நின்றே உழைக்கும் அவர்கள், பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்தால், "உடம்புச் சூடு, தானாகச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகின்றனர். கடையை விட்டுப் போக முடியாததும் ஒரு காரணம்.

ஈறு நோய்க்கு அடிப்படை, பல்லோரத்தில் படியும் அழுக்கிலுள்ள கிருமிகளே. 1965-இல் டென்மார்க்கில் ஹரால்டு லோ குழுவினர், நல்ல ஈறு உள்ளவர்களைப் பல் துலக்காமல் இருக்கச் செய்து பார்த்தனர். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் துலக்கியதும் குணமாயிற்று.

பெண்களுக்கு இதனுடன் ஹார்மோன் மாற்றமும் சேர்ந்துகொள்கிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்கள் கூடும்போது ஈறின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. சிறிதளவு அழுக்கு இருந்தாலும் ஈறு சிவந்து வீங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு 2-ஆம் மாதத்தில் தொடங்கி 8-ஆம் மாதம் வரை இது கூடுவதுண்டு. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வாய் உலர்வதும், பல்லைத் தாங்கும் எலும்பு நலிவதும் நேரலாம்.

இளம்பெண்களிடம் இன்று பரவலாகக் காணப்படுவது சினைப்பை நீர்க்கட்டி. ஹரியானா மாநிலம் ரோத்தக்கில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டு, மருந்து தொடங்காத பெண்களிடம் ஈறு நோய் அதிகம் காணப்பட்டது. சர்க்கரை நோயோ இருவழிப் பாதை: சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும்.

மளிகை வணிகர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992-இல் தடை செய்தது. அத்தகைய பொடி எந்தப் பெயரில் வந்தாலும் நம் கடையில் இடம் தரலாகாது. செங்கல் தூள், சொரசொரப்பான கரித்தூள் ஆகியவை பல்லைத் தேய்த்து ஈறைப் புண்ணாக்கும் என்பதைக் கேட்டு வருவோருக்கு எடுத்துச் சொல்லலாம்.

செய்ய வேண்டியவை எளியவை. மென்மையான பிரஷ்ஷால் காலையும் இரவும் துலக்க வேண்டும். ஈறில் இரண்டு வாரங்களுக்கு மேல் இரத்தம் வந்தால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் பல் மருத்துவப் பிரிவு உள்ளது. கர்ப்பம், நீர்க்கட்டி, தைராய்டு, சர்க்கரை எதுவாயினும் அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் பல் சிகிச்சை செய்ய 4 முதல் 6 மாதம் வரை ஏற்ற காலம். ஹார்மோன் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

வணிகப் பெருமக்களே! ஒரு வேளை கடையடைத்தால் போவது ஒரு வேளை வியாபாரம், மறுநாள் ஈடுகட்டிவிடலாம். ஆடி விழுந்த பல்லுக்கு ஈடு கிடையாது. இந்த வாரமே வீட்டில் உள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.