பழைய கார் சார்ஜர் வாங்கும் முன் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள்

போன மாதம் நான்கு சனிக்கிழமைகள் ஒரு சுவர்ப் பெட்டிக்காகவே போச்சு. 2020 மாடல் நெக்ஸான் ஈவி ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுத்து திருமழிசை வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறேன். காரோடு வந்த 15 ஆம்பியர் கேபிளில் ராத்திரி முழுக்கப் போட்டால்தான் நிறையும். "7.2 கிலோவாட் பெட்டி, ரெண்டு வருஷம் ஓடினது, 12,000 கொடுங்க சார்" என்று அம்பத்தூரில் ஒருவர் சொன்னதும் கிளம்பிவிட்டேன்.

கிளம்பும் முன் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று எனக்கு அப்போது தெரியாது. நாம் சார்ஜர் என்று சொல்கிற அந்தப் பெட்டி சார்ஜரே இல்லை. ஏசியை டிசியாக மாற்றி பேட்டரிக்குள் அனுப்பும் நிஜமான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. என் காரில் அது 3.3 கிலோவாட். பேட்டரி 30.2 யூனிட் பிடிக்கும். சுவரில் 7.2 மாட்டினாலும் 22 மாட்டினாலும் கார் வாங்குவது 3.3 தான், காலியிலிருந்து நிறைய ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகத்தான் செய்யும். ஆகவே பெட்டியின் விலையைப் பார்க்கும் முன்னால் உங்கள் காருக்குள் இருக்கும் சார்ஜர் எத்தனை கிலோவாட் என்று பாருங்கள்.

அப்புறமும் ஏன் பெட்டி தேடினேன்? தினமும் எட்டு மணி நேரம் முழு லோடு இழுத்ததில் வீட்டு 15 ஆம்பியர் சாக்கெட்டின் ஒரு ஓட்டை கறுத்துப் போயிருந்தது. அந்த சாக்கெட் அரை மணி நேரம் ஓடும் கீசருக்குத்தான் சரி.

பெட்டி என்னதான் செய்கிறது? காவலாளி வைத்த சுவிட்ச் என்று வைத்துக்கொள்ளலாம். டைப் 2 கன்னில் மின்சாரம் போகும் பின்களோடு, பைலட் என்று ஒரு சின்ன பின் உண்டு. காரில் சொருகாதபோது அதில் 12 வோல்ட் நிற்கும். சொருகினால் 9. கார் "நான் தயார்" என்றதும் 6. அதற்குப் பிறகுதான் உள்ளே ரிலே மூடி கரண்ட் போகும். எவ்வளவு இழுக்கலாம் என்பதையும் பைலட்தான் சொல்கிறது. விநாடிக்கு ஆயிரம் துடிப்பு. ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் உயர்ந்து நிற்கிறது என்பதே கணக்கு. சுமார் 27 சதவீதம் என்றால் 16 ஆம்பியர், 53 என்றால் 32. அழகான ஏற்பாடு. இதைத் தவிர எர்த் இருக்கிறதா, கசிவு இருக்கிறதா என்றும் நல்ல பெட்டிகள் பார்க்கும். இல்லையென்றால் சிவப்பு விளக்குதான், கரண்ட் கிடையாது.

அம்பத்தூருக்கு எங்கள் தெரு அண்ணன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். சிட்கோ எஸ்டேட்டில் பேனல் வேலை பார்க்கிறவர். பெட்டி பளபளவென்று இருந்தது. விளக்கு பச்சை. நான் பர்ஸை எடுத்துவிட்டேன். அண்ணன் மெயினை அணைத்துவிட்டு, "மூடியைக் கழட்டலாமா சார்?" என்றார். உள்ளே நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு பச்சை வயர். சுவரிலிருந்து வரும் எர்த் வயர் எதிலும் சேராமல் டேப் சுற்றிக் கிடந்தது.

விற்றவருக்கே அது தெரியாது. மாட்டிய ஆள், வீட்டு எர்த் சரியில்லாமல் சிவப்பு விளக்கு எரிந்ததும், பெட்டியை ஏமாற்றியிருக்கிறார். சில எலக்ட்ரீஷியன்கள் இதை ஒரு "ஐடியா" என்றே சொல்கிறார்கள். இதன் பொருள், காரின் இரும்பு உடல் நேராக நியூட்ரலோடு சேர்ந்துவிட்டது. சாதாரண நாளில் ஒன்றும் ஆகாது. மழையில் தெருக்கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால், வீட்டில் ஓடும் ஃபேன், ஃபிரிட்ஜ் வழியாக வரும் 230 வோல்ட் கார் கதவில் வந்து நிற்கும். டயர் ரப்பர், கரண்ட் தரைக்குப் போக வழியில்லை. செருப்பில்லாமல் ஈரத் தரையில் நின்று கதவைத் தொடுகிற ஆள்தான் வழி. ஆர்சிசிபி இல்லாத வீட்டில் தடுக்க எதுவுமே கிடையாது. "பையன்தான் சார் தினமும் கார் கழுவுவான்" என்று அவர் சொல்லிவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் அங்கேயே அந்த வயரை வெட்டிப் போட்டார்.

மற்ற சோதனைகள் இதைவிடச் சுலபம். ரிலே ஒட்டிக்கொண்டிருந்தால் கன்னைக் கழற்றிய பிறகும் பின்களில் கரண்ட் இருக்கும்; கன் எதிலும் சொருகாமல் பெட்டிக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின்களில் கறுப்போ பச்சையோ இருந்தால் வேண்டாம். விற்பவர் காரிலேயே முக்கால் மணி நேரம் போடச் சொல்லி கேபிளையும் கன் கைப்பிடியையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு ஆகாது. ஆப் இல்லாமல் ஓடுமா என்றும் கேளுங்கள். பழையவர் கணக்கிலிருந்து நீக்காவிட்டால் சில பெட்டிகள் உங்களுக்கு வெறும் டப்பாதான்.

நம்ம பக்கத்துக்கு ஒரு கேள்வி கூடுதல்: 2023 டிசம்பரில் இந்தப் பெட்டி எங்கே இருந்தது? மிக்ஜாம் மழையில் கொரட்டூர், அம்பத்தூர் பக்கம் தரைத்தளங்களில் தண்ணீர் நின்றது. மேலே துடைத்துவிடலாம். உள்ளே திருகுகளில் துருவும் சர்க்யூட் போர்டில் வெள்ளைப் பூப்பும் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கும் மூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்ற விடமாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

நாலாவது சனிக்கிழமை ஆவடியில் ஒன்று கிடைத்தது, 9,000. உள்ளே ஒரு சின்ன சுவிட்சில் 16 ஆம்பியருக்குக் குறைத்து வைக்கலாம். அதனால் ஈபி லோடு பற்றிய கவலையும் இல்லை. மாட்டும் முன் அண்ணன் எங்கள் வீட்டு எர்த்தை டெஸ்டரில் பார்த்தார். 38 ஓம். வீடு கட்டும்போது உப்பும் கரியும் போட்டுப் புதைத்தது, அதற்குப் பிறகு ஒருத்தரும் தண்ணீர்கூட ஊற்றவில்லை. அம்பத்தூர் வீட்டைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை! புதுக் குழி தோண்டி, செம்பு பூசிய கம்பி இறக்கி, டிபி பாக்ஸில் தனி எம்சிபியும் ஆர்சிசிபியும் வைத்ததில் பெட்டியைவிட அதிகம் செலவாச்சு. இப்போது 4 ஓம் காட்டுகிறது. மே மாதம் மண் காய்ந்ததும் இன்னொரு தடவை அளக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.